செவ்வாயும் வெள்ளியும் குளிர்ந்துபோன அறை

எங்கள் பழைய சர்வீஸ் சென்டர் ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. காலையில் குட்மார்னிங் பூ, சாயங்காலம் பேரன் பேத்தி படம், நடுவில் முட்டி வலிக்கு வைத்தியம். போன வாரம் அதில் ஒருத்தர் ஒரு விளம்பரத்தைப் போட்டு, “மெட்ராஸ்ல ஹீட்டர் வச்ச ஏசியாம். எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்?” என்று எழுதி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “வாங்கினவங்களை எனக்குத் தெரியும். சும்மா இருங்க” என்று போட்டேன். இப்போது அந்த சென்டரில் வேலை பார்க்கிற பெண்களும் அந்தக் குரூப்பில் உண்டு, விடுவார்களா? “யாரு கலா அக்கா, சொல்லுங்க” என்று பிடித்துக்கொண்டார்கள். கட்டை விரலால் தட்டி முடிக்கிற சமாச்சாரமா அது? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தி.நகரில் ஒரு ஏசி டீலரின் சர்வீஸ் சென்டரில் போன் எடுக்கத்தான் சேர்ந்தேன். வீடு ராயப்பேட்டை. காலையில் சீட்டில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் காதில் வசவுதான். தண்ணி ஒழுகுது, சத்தம் போடுது, காத்தே வரல. வெயில் காலத்தில் சிலர் பேசுகிற பேச்சைக் கேட்டால், சூரியனை நான்தான் ஆள் வைத்து ஏவிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதி இல்லை. “சார், திட்டி முடிச்சீங்கன்னா அட்ரஸ் சொல்லுங்க” என்பேன். பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள்.

அப்புறம்தான் என்னை டெமோ வேலைக்கு அனுப்பினார்கள். ஏசி மாட்டி முடித்த வீட்டுக்குப் போய், அதை எப்படி இயக்குவது என்று சொல்லிக்கொடுப்பது. பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பெண்கள். மெக்கானிக்கிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் என்னிடம் எல்லாவற்றையும் கேட்டார்கள். ஏசியைத் தவிரவும் நிறைய கேட்டார்கள். மாமியார் பற்றி, ஸ்கூல் அட்மிஷன் பற்றி, என் புடவை எந்தக் கடை என்பது பற்றி. டெமோவுக்கென்று கம்பெனி எங்களுக்கு வகுப்பு எடுத்தது. படம் போட்டார்கள், டீ கொடுத்தார்கள், நான் கொஞ்சம் தூங்கினேன். வேலையைக் கற்றுக்கொண்டது வீடுகளில்தான்.

மயிலாப்பூரில் ஒரு வீடு. மாமா பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஏசி மாட்டிய நாளிலிருந்து ரிமோட்டைப் பதினாறில் வைத்துவிட்டு, தலையோடு கால் போர்வை போர்த்திக்கொண்டு படுப்பார். மாமி என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார். “இவர் பதினாறுல வெச்சுண்டு குறட்டை விட்டுண்டிருக்கார். நான் மார்கழி மாசம் மாதிரி மப்ளர் கட்டிண்டு உக்காந்துண்டிருக்கேன். நீங்களே நியாயம் சொல்லுங்கோ” என்றார்.

மாமாவுக்கு, எண்ணைக் குறைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைப்பு. நிறையப் பேருக்கு அந்த நினைப்பு உண்டு. “சார், மயிலாப்பூர்ல பஸ் ஏறி அடையாறு போறீங்க. தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்தா பஸ் வேகமா போகுமா? அதே வேகம்தான். அடையாறுல நிக்காம போயிடும், அவ்வளவுதான்” என்றேன். மாமா யோசித்துவிட்டு, “நேக்கு தாம்பரம் போனாத்தான் தூக்கமே வர்றது” என்றார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். காற்று நேராக மாமி தலையில் விழுந்தது. நீங்கள் ரெண்டு பேரும் பக்கம் மாற்றிப் படுத்துக்கொள்ளுங்களேன் என்றேன். அதற்கு ரெண்டு பேருமே சம்மதிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கமாம். கடைசியில் காற்று வரும் தகட்டைத்தான் திருப்பிவிட்டு, இருபத்தைந்தில் வைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் ஆல்பர்ட் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒல்லியான மனுஷன், சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். மெக்கானிக் யாராவது வந்து, “மிஷின் சரியாத்தான் சார் கீது” என்று சொன்னால், ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு, “அப்ப அந்தம்மா பொய் சொல்றாங்களா?” என்பார். அவ்வளவுதான். அந்த ஆள் திரும்ப வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அவர் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் ரிமோட்டைத் தொட மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, “இந்த ரூம்ல யார் படுக்கறாங்க? எங்க படுக்கறாங்க?” என்று கேட்பார். அந்த இடத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்காரர்கள் அனுமதித்தால் படுத்தே பார்ப்பார். பிறகு, “நான் இல்லைன்னு நெனச்சிக்கோங்க. தினம் செய்றதைச் செய்ங்க” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார். எனக்கு முதலில் இது கூத்தாகத்தான் தெரிந்தது. நான் கேட்டபோது, “கலா, கேட்டா ஜனங்க சொல்றது வேற. செய்றது வேற. பொய் சொல்லணும்னு இல்ல. இதைப் போய் சொல்றதான்னு விட்டுடுவாங்க” என்றார்.

இனி அந்த ஹீட்டர் மிஷின்.

ஒரு மழைக் காலத்தில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் அண்ணனோடு பாத்திரக்கடை நடத்துகிற சுடலைமுத்து என்பவர் எங்களிடம் சூடும் குளிரும் ரெண்டும் தருகிற மிஷினை வாங்கினார். வெளியே இருக்கிற காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே கொண்டுவந்து விடும். அறைச் சுவரில் ஒரு சின்ன டப்பா மாதிரி தெர்மோஸ்டாட் இருக்கும். நாம் எத்தனை டிகிரி வேண்டும் என்று அதில் வைத்துவிட்டால், அது அறையின் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, குறைந்தால் மிஷினை ஓட்டும், போதும் என்று தோன்றினால் நிறுத்தும். ஆர்டர் வந்ததும் ஆபீஸில் எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். டெமோவுக்குப் போனபோது சிரிப்பு நின்றுபோனது.

அவர் பெண்டாட்டி இசக்கியம்மாளுக்கு மாதம் நிறையாமலே பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்த்து, அப்போதுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பெற்ற பிள்ளையை அத்தனை நாளும் கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்தவள் அந்தப் பெண். குழந்தைக்குச் சூடு இறங்கவே கூடாது, அறை கதகதப்பாக இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்ல, கடைக்காரர் விசாரித்து இதை வாங்கிவிட்டார். நான் இருபத்தொன்பதில் வைத்துக் காட்டினேன். தொட்டிலில் கிடந்தது குழந்தையா, துணி மூட்டையா என்று தெரியவில்லை, அவ்வளவு சின்னது. அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து இறங்கும்போது சாமியை வேண்டிக்கொண்டேதான் இறங்கினேன்.

கொஞ்ச நாளில் ஒரு காலையில், நான் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே, டெமோவில் கொடுத்துவிட்டு வந்த என் செல் நம்பருக்குச் சுடலைமுத்து போன் செய்தார். “மேடம், மிஷின் நின்னுட்டு. ரூமு சில்லுன்னு ஆயிட்டு. பச்சப் பிள்ள இருக்கு மேடம்” என்றார். மறுநாள் மெக்கானிக்கை அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டு, நன்றாக ஓடுகிறது என்று வந்துவிட்டான். மறுபடி போன். மறுபடி ஆள் போனான், மறுபடி நன்றாக ஓடியது. மூன்றாவது தடவை அவர் குரலே மாறியிருந்தது. “டாக்டரம்மா கண்டிச்சு சொல்லிட்டாவ மேடம். இன்னொரு தடவை பிள்ளைக்குச் சூடு இறங்கினா திரும்ப பெட்டிக்குள்ள வச்சிருவோம்னு. இவ சாப்பிடவே மாட்டேங்கா.”

ஆல்பர்ட் சாரிடம் போனேன். ஏலக்காயை வெளியே எடுத்தவர் வாயில் போடவில்லை. “எந்தெந்தக் கிழமை போன் வந்துச்சு?” என்று கேட்டார். எனக்கு உடனே தெரிந்தது. முதல் போன் வந்தது செவ்வாய்க்கிழமை. அடுத்தது வெள்ளி. இப்போது மறுபடி செவ்வாய். எப்படித் தெரியும் என்றால், மூன்று தடவையும் நான் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே போனை எடுத்திருந்தேன். பொம்பளைகள் தலைக்குக் குளிக்கிற கிழமை அது. மிஷினுக்குக் கிழமை தெரியாது, ஆனால் அந்த வீட்டில் யாரோ கிழமை பார்த்து ஏதோ செய்கிறார்கள். அதைச் சாரிடமும் சொன்னேன். “இது எனக்குப் புரியற விஷயம் இல்ல. வெள்ளிக்கிழமை நீயே போ. பிள்ளை பக்கத்துலயே உக்காரு. கொஞ்சம் சில்லுனு தெரிஞ்சாலும் நிறுத்திடு” என்றார்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. படியேறிப் போனால், இசக்கி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை சுடலைமுத்து கையில். “இன்னிக்குக் குளிக்கவே போறதில்லக்கா” என்றாள். ஏன் என்றேன்.

“என் கைதான் காரணம். மத்த நேரம் பிள்ள நல்லாத்தான் இருக்கா. நான் குளிச்சிட்டு வந்து தூக்கினா, காலு ஐஸு மாதிரி கெடக்கு. என் உடம்புல சூடே இல்ல போலுக்கு. பெட்டியிலயே இருந்திருந்தா நல்லா இருந்திருப்பா. செவ்வாக்கிழமையில இருந்து நான் தூக்கவே இல்ல. பால் குடுக்க மட்டும்தான் வாங்குதேன்.”

அழவில்லை. அழாமல் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “நல்லா இருக்குதே கதை. மிஷின் ரிப்பேரா, நீ ரிப்பேரான்னு நான் பார்த்துச் சொல்றேன். எழுந்து போய்க் குளி” என்று அதட்டினேன். “தம்பி, நீங்களும் எப்பவும் செய்றதைச் செய்ங்க. நான் இருக்கறதை மறந்துடுங்க.”

அவர் நெளிந்தார். “அது வந்து மேடம்...” என்று இழுத்தார். என்ன என்றேன். “மெக்கானிக்குங்க கிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்லுதது? இவளுக்கு அம்மா இல்ல. எங்க அக்கா ஊர்ல இருந்து போன்ல சொல்லிக் குடுத்தாவ. தலையில நீர் கோத்துக்கிடக் கூடாதுன்னு நான்தான்...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். எதை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நான் அறைக்குள் போய், ஜன்னலை ஒட்டிக் கிடந்த கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன். குழந்தையைக் கட்டிலில் என் பக்கத்தில் போட்டு, அதன் ஒரு காலை மட்டும் துணிக்குள் கைவிட்டுப் பிடித்துக்கொண்டேன். என் கட்டைவிரல் அளவுதான் அந்தப் பாதம். மிஷின் கதகதவென்று ஊதிக்கொண்டிருந்தது. சுவரில் இருபத்தொன்பது.

இசக்கி குளித்துவிட்டு வந்தாள். கதவோரம் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார். அதற்கு மேல்தான் தெர்மோஸ்டாட். பிள்ளையைக் கண் மறைய விட்டு வர மாட்டாள் என்பதால் எல்லாம் அந்த அறைக்குள்ளேதானாம். பிறகு சமையலறையிலிருந்து தூபக்காலில் தணலைக் கொண்டுவந்து நாற்காலிக்குப் பின்னால், சுவரை ஒட்டி வைத்தார். சாம்பிராணியைப் போட்டார். பிள்ளைக்குப் புகை ஆகாது என்று ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டார். துண்டை உதறி, அவள் முடியைத் தணலுக்கு மேலே பிடித்து, விரலால் சிக்கு எடுத்து எடுத்து, ஒவ்வொரு கொத்தாகக் காயவைக்க ஆரம்பித்தார்.

எத்தனை வீடு ஏறி இறங்கியிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. கடையில் அண்டா குண்டா தூக்குகிற கை அது. அந்தக் கை அப்படிப் பதமாக முடியைப் பிடித்திருந்தது. “சுடுதா? சொல்லணும் என்ன” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு அம்மா இருந்திருந்தால் எப்படிச் செய்வாளோ அப்படிச் செய்தார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது, உள்ளதைச் சொன்னால் என்ன.

அப்போது மிஷின் சத்தம் அடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் முப்பது. பார்க்கும்போதே முப்பத்தொன்று. என் கழுத்தில் ஜன்னல் வழியாக மழைக் காற்று சில்லென்று அடித்தது. தணலின் சூடு நேராக மேலே ஏறித் தெர்மோஸ்டாட்டில் படுகிறது. அறை நன்றாகச் சூடாகிவிட்டது என்று அது மிஷினை நிறுத்திவிட்டது. இங்கே ஜன்னல் பக்கம் பிள்ளை கிடக்கிறது. முடி காய்கிற வரைக்கும் மிஷின் ஓடாது. அதற்குள் பிள்ளை குளிர்ந்துவிடும், அவள் வந்து தூக்குவாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயை வைத்தே சம்பாதித்தவள்தான் நான். அந்த மனுஷனிடம் போய், உன் பெண்டாட்டிக்கு நீ ஆசையாகச் செய்கிற இந்தக் காரியம்தான் உன் பிள்ளையைக் குளிரவைக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் கையில் இருந்த பாதம் லேசாகக் குளிர ஆரம்பித்தது. அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. குழந்தையை வாரி மடியில் அணைத்துக்கொண்டேன்.

“தம்பி, ஜன்னலைச் சாத்துங்க. அந்தத் தூபக்காலை ஹால்ல கொண்டு போய் வச்சிட்டு வந்து, இந்தச் சுவத்தைப் பாருங்க” என்றேன்.

வைத்துவிட்டு வந்தார். மூன்று பேரும் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பத்தொன்று முப்பதானது. இருபத்தொன்பது. இருபத்தெட்டு. மிஷின் மறுபடி ஊத ஆரம்பித்தது. கடை நடத்துகிறவர், விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த துண்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

“அப்ப நான்தானா?” என்றார் அவர்.

“அப்ப என் கை இல்லையா?” என்றாள் அவள்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். யாருக்கு முதலில் பதில் சொல்வது? நான் எழுந்து போய் இசக்கியின் கையைப் பிடித்தேன். “இந்தக் கையா சில்லுனு இருக்குது? எனக்கே சூடு ஏறுது. உன் மேல ஒண்ணும் இல்ல கண்ணு. முதல்லேருந்தே இல்ல” என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். அவரிடம் திரும்பி, “நீங்களும் தப்பு ஒண்ணும் பண்ணல தம்பி. புகை ஆவாதுன்னு ஜன்னலைக்கூடத் திறந்து வச்சீங்க. இந்த டப்பா அந்த இடத்துல இருந்ததுதான் தப்பு” என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை.

மறுநாள் ஆல்பர்ட் சாரே போய்த் தெர்மோஸ்டாட்டைக் கட்டில் பக்கத்துச் சுவருக்கு மாற்றினார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பெட்டி வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். அதெல்லாம் அப்புறம். நான் சொல்ல வந்தது அன்றைக்கு மீதி நடந்ததை.

இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் குழந்தையை நீட்டினேன். வாங்கி நெஞ்சோடு வைத்து, ரெண்டு கையாலும் மூடிக்கொண்டாள். ஈர முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இனிமே இந்தச் சாம்பிராணிச் சோலியே வேண்டாம் இசக்கி” என்றார் அவர். ஹால் பக்கம் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார். “அக்கா கிட்ட சொல்லிக்கிடுதேன்.”

“ஏன் வேண்டாம்? பாதித் தலை ஈரமாத்தான இருக்கு. நீர் கோத்துக்கிட்டா யாரு பாக்கது?” என்றாள் அவள். “ஹால்ல நாற்காலியப் போடுங்க. நான் வாரேன்.”

அவர் நம்பாமல் பார்த்தார். அவள் என் பக்கம் வந்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளையைக் கண்ணை விட்டு விலக விடாதவள், என் கையில் கொடுத்தாள். “அக்கா, இவளக் கொஞ்சம் வச்சிக்கிடுங்க. கதவச் சாத்திக்கிடுங்க, புகை வரும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மிஷின் மெதுவாக ஊதியது. வெளியே நாற்காலி இழுபடுகிற சத்தம், அவர் துண்டை உதறுகிற சத்தம். அப்புறம் “சுடுதா?” என்று மறுபடி அவர் குரல். கொஞ்சம் பொறுத்து அவள் குரல் வந்தது.

“அக்கா, காலு எப்படி இருக்கு?”

துணிக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். “சூடா இருக்குது கண்ணு” என்றேன்.

“நெசமாவா?”

“நீயே வந்து தொட்டுப் பாரேன்.”

எழுந்து ஓடி வருவாள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. முடி முழுக்கக் காய்கிற வரைக்கும் அங்கேயே, அவர் கையில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.